தாய்மாமன் வரட்டும்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு மட்டும் முழங்கால் வலி. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால் நல்ல நாள் பார்க்கிறாள். உன் அப்பா நேற்றும் போன் செய்து, "பிள்ளைக்கு அங்கே சோறு கிடைக்குதா இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். மரவள்ளிக் களி கிடைக்கும், ஆற்று மீன் கிடைக்கும், உங்கள் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் மெயிலில் பாதி கோபம்தான் இருந்தது. குடலில் ஓட்டை விழுந்த பையன், தியேட்டர் தயார், அப்பாக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனாலும் கையெழுத்துப் போட ஆளில்லை. தாய்மாமன் வரட்டும் என்கிறார்கள். வந்த மாமனும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியே மரத்தடியில் சொந்தக்காரர்களைக் கூட்டி உட்கார்ந்துவிட்டார். பையன் பிழைத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினாயே: நானூறு வருஷமாக இவர்களுக்கு மருத்துவம் என்றாலே மந்திரவாதம்தான் போலிருக்கிறது என்று. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாரிடம் போய் ‘நானூறு வருஷம்’ என்று சொன்னால் அவன் சும்மா இருப்பானா? அதனால்தான் இந்த நீளக் கடிதம். டூட்டி இல்லாத நாளில் படி.

முதலில் அந்த மாமன். நீ வைத்தியம் பார்க்கிற அந்தக் காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் கோங்கோ மக்களிடம் பிள்ளை தாய்வழியைச் சேர்ந்தது. குலமும் நிலமும் அம்மா வழியில் இறங்குகின்றன. அப்பாவின் ஆசீர்வாதத்துக்கு மதிப்பில்லாமல் இல்லை; அவர் மனம் கசந்திருந்தால் பிள்ளைக்கு உடம்பு தேறாது என்று நம்புகிறவர்கள்தான். ஆனால் பிள்ளையின் சார்பில் பேசும் உரிமை அம்மாவின் சகோதரனுக்கே. அவர்கள் கணக்கில் நீ கையெழுத்துக் கேட்டது உரிமை இல்லாத ஆளிடம். காது குத்துவதற்கு மாமன் மடியைத் தேடுகிற ஊரில் பிறந்த உனக்கு இது அவ்வளவு விநோதமாகப் படக்கூடாது.

அந்த மரத்தடிப் பேச்சைப் பற்றி ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 1960களில் ஆற்றின் வடகரையில், மணியங்கா பகுதியில், தங்கி நோயாளிகளின் பின்னாலேயே அலைந்தவர். புத்தகம் 1978இல் வந்தது. அவர் கண்டது இதுதான்: படுத்திருக்கிறவர் தன் வைத்தியத்தைத் தானே முடிவு செய்வதில்லை. சொந்தக்காரர்கள் கூடி, ஆஸ்பத்திரியா, பச்சிலை வைத்தியரா, குறி சொல்கிறவரா, ஜெபம் செய்கிறவரா என்று பேசி முடிவெடுக்கிறார்கள். ஒன்றில் குணம் தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததால் பச்சிலையைக் கைவிட்டார்கள் என்றில்லை. பச்சிலை வைத்தியரிடம் போனதால் உன்னை நம்பவில்லை என்றும் இல்லை.

நோயை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று கடவுள் தந்த நோய். பாவம், தண்டனை என்றெல்லாம் அதற்கு அர்த்தம் ஏற்றாதே. தானாக வந்தது, யார் மேலும் குற்றமில்லை, இலையோ ஊசியோ போட்டால் போய்விடும், அவ்வளவுதான். மற்றது மனிதரால் வந்த நோய். குடும்பத்தில் சண்டை, கொடுக்காத கடன், மீறிய வாக்கு, பொறாமை, இவற்றில் எதுவோ ஒன்று உடம்பில் இறங்கியிருக்கிறது என்பது. எந்த நோயையும் முதலில் கடவுள் கணக்கில்தான் எழுதுவார்கள். மருந்துக்குக் கேட்கவில்லை, அல்லது நோய் வந்த சமயத்தில் வீட்டில் ஏதோ பெரிய தகராறு என்றால்தான் இரண்டாவது சந்தேகம் எழும். அப்போது உறவுகளை உட்காரவைத்து, யாருக்கு யார் மேல் என்ன மனத்தாங்கல் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் மருந்துதான் வேலை செய்யும் என்பது நம்பிக்கை. குடல் வெடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் காத்திரு என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நீ சத்தம் போட்டதுதான் சரி. ஆனால் அவர்கள் அங்கே மந்திரம் பேசிக்கொண்டிருக்கவில்லை, வழக்கு பேசிக்கொண்டிருந்தார்கள்.

நோய் என்பது உறவில் விழுந்த விரிசல் என்று ஒரு சமூகம் நினைக்கத் தொடங்கினால், அது வீட்டோடு நிற்காது. சந்தையில் விரிசல் விழுந்தால் சந்தைக்கு வைத்தியம், நாடு உடைந்தால் நாட்டுக்கு வைத்தியம் என்று போகும். ஐரோப்பியர்கள் ‘ஆப்பிரிக்க மத இயக்கம்’ என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்தவற்றில் பல, கோங்கோ மக்களுக்கு வைத்தியம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் அந்த வரலாறு முழுவதும் வேறு மாதிரி தெரியும்.

அங்கே வைத்தியருக்கு ஙங்கா என்று பெயர். (நம் ஙகரத்துக்கும் ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது.) ஒரே ஆள் எல்லாம் செய்வதில்லை. வேரும் பட்டையும் தெரிந்தவர் ஒருவர். குறி பார்த்துக் காரணம் சொல்பவர் வேறொருவர். அவர் மருந்து கொடுப்பதில்லை. என்கிசி என்ற பொருளை வைத்துச் செய்பவர் மூன்றாமவர். மியூசியங்களில் ஆணி ஆணியாக அடித்த மரப்பொம்மையைப் பார்த்திருப்பாய். எதிரியைக் குத்திக் கொல்லச் செய்த ஏவல் பொம்மை என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கும். அது என்கிசியில் ஒரு வகை, என்கோண்டி.

அதை எப்படிச் செய்வார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சிற்பி செதுக்கி முடித்தபோது அது வெறும் கட்டை. ஙங்கா அதன் வயிற்றுக் குழிக்குள் ஆற்றங்கரை வெள்ளைக் களிமண், கல்லறை மண், விதைகள், சிப்பி என்று வைத்துப் பிசினால் மூடுவார். மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பதிப்பார். வெள்ளை செத்தவர்களின் நிறம். அந்த மண் வழியாக முன்னோர் உள்ளே வந்து குடியிருப்பார்கள். அதன் பிறகே அதற்குச் சக்தி. இரண்டு ஊருக்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது என்று வை. இரு தரப்பும் வந்து, வாக்கு மீறினால் நீ என்னைத் தேடிப் பிடி என்று சொல்லி ஆணி அடிப்பார்கள். அடிக்கும் முன் ஆணியை நாக்கில் வைத்து நக்குவதும் உண்டு, எச்சில் பட்டால் ஆள் மாறாட்டம் செய்ய முடியாதல்லவா. திருடனைக் கண்டுபிடிக்கவும் ஆணி, நோய்க்குக் காரணமானவனைத் தேடவும் ஆணி. ஆக அந்தப் பொம்மையின் உடம்பு ஒரு பத்திரப் பதிவேடு. எத்தனை ஆணியோ அத்தனை வழக்கு. கடற்கரையில் வியாபாரம் செய்த வெள்ளைக்காரர்களும் ஒப்பந்தத்துக்கு இதன் முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

உனக்குப் பக்கத்து ஊர் போமா இருக்கிறதே, அங்கே 1878இல் நடந்த கதை ஒன்று. அலெக்சாந்தர் டெல்கோமுன் என்ற பெல்ஜிய வியாபாரி உள்ளூர்த் தலைவர்களோடு நடந்த சண்டையில் நெ குக்கோ என்ற தலைவரின் என்கோண்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தலைவர் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. அது இப்போது பெல்ஜியத்தில் தெர்வூரன் மியூசியத்தில் இருக்கிறது. அவர் எடுத்துப்போனதை வெறும் சிலைத் திருட்டு என்று நான் பார்க்கவில்லை. ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

சரி, உன் நானூறு வருஷத்துக்கு வருகிறேன். உண்மையில் ஐந்நூறுக்கும் மேல்.

போர்ச்சுகீசியர் 1483இல் காங்கோ ஆற்று முகத்துக்கு வந்தார்கள். 1491இல் கோங்கோ மன்னர் ஞானஸ்நானம் பெற்றார். இதை யாரும் துப்பாக்கி வைத்துச் செய்யவில்லை. அந்த அரசு அப்போது யாருக்கும் அடிமையில்லை. அவர் மகன் அஃபோன்சோ தீவிரக் கிறிஸ்தவர், உருவங்களை எரித்தவர். அவர் 1526இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதங்களில், உங்கள் வியாபாரிகள் என் ஜனங்களைப் பிடித்து விற்கிறார்கள் என்று முறையிட்டிருக்கிறார். அதே சமயத்தில், டாக்டர்களும் மருந்து கலப்பவர்களும் அறுவை செய்பவரும் அனுப்புங்கள், எங்கள் மக்கள் நோய் வந்தால் பழைய மூலிகையும் சடங்கும் என்றே போய்ச் சாகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். உன் கோபமும் ராஜாவின் கோபமும் ஒன்றுதான் பார்த்துக்கொள்!

ஆனால் ஜனங்கள் புது மதத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? பாதிரியாரும் அவர்களுக்கு ஙங்காதான். கோயில், வேதப் புத்தகம், சிலுவை எல்லாம் என்கிசிதான். ஞானஸ்நானத்தில் நாக்கில் உப்பு வைப்பார்கள் அல்லவா, அதைத்தான் முக்கியமாக நினைத்தார்கள். உப்பு சூனியக்காரனுக்கு ஆகாது. அதனால் ‘உப்புத் தின்பது’ என்றே ஞானஸ்நானத்துக்குப் பெயர். 1645இல் வந்து இறங்கிய இத்தாலியக் கப்புச்சின் துறவிகளுக்கு இது தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டார்கள். உள்ளூர் ஙங்காக்களை எல்லாம் பேயின் கையாட்கள் என்று சொல்லி, பொருட்களைப் பிடுங்கி எரித்தார்கள். தங்களையும் அதே பட்டியலில் ஜனங்கள் சேர்த்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

1665இல் எம்புவிலா போரில் போர்ச்சுகீசியர் கோங்கோ மன்னரைக் கொன்றுவிட்டார்கள். பிறகு நாற்பது வருஷம் உள்நாட்டுப் போர். மலைக்கு ஒரு ராஜா. தலைநகர் எம்பன்சா காங்கோவை 1678இல் கைவிட்டு ஜனங்கள் போய்விட்டார்கள். கோயில் சுவர்களுக்குள் காடு வளர்ந்தது. ஒவ்வொரு போரிலும் பிடிபட்டவர்கள் கடற்கரைக்கு நடத்தப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அதாவது நாட்டின் நோய்க்கு ஒரு கொள்முதல் விலை இருந்தது. சண்டை நிற்காமல் இருப்பதில் பலருக்கு லாபம்.

இந்தக் காலத்தில் 1684இல் பிறந்தவள் கிம்பா வீட்டா. ஞானஸ்நானப் பெயர் பெயாத்ரிஸ். நல்ல குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே காட்சிகள் காண்பவள் என்று பெயர். ஙங்காவாகப் பயிற்சி பெற்றவள். அதிலும் தனி மனிதரின் நோயைவிட, கூட்டத்துக்கு வரும் கஷ்டத்தைப் பார்க்கும் பிரிவு. அந்தப் பகுதியில் கிம்பாசி என்று ஒரு சங்கம் இருந்தது. ஊரில் சாவும் நோயும் பஞ்சமும் மிஞ்சிப்போனால் அதைக் கூட்டுவார்கள். காட்டுக்குள் அடைப்புப் போட்டு, சேருகிறவர்களைச் சடங்காகச் ‘சாகடித்து’, புதுப் பெயரோடு எழுப்பி ஊருக்கு அனுப்புவார்கள். ஊரே ஒருமுறை செத்துப் பிறந்தால் தீட்டுப் போகும் என்பது அதன் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

1704 ஆகஸ்டில் அவளுக்குக் கடும் நோய். சாகக் கிடந்தபோது கப்புச்சின் அங்கி போட்ட ஒருவர் வந்தார், நான் அந்தோணியார் என்றார், அவள் தலைக்குள் இறங்கினார். அவள் செத்து, எழுந்தபோது அந்தோணியாராக எழுந்தாள். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் சாவாள், சொர்க்கத்தில் கடவுளோடு பேசுவாள், பிறகு திரும்பி வருவாள் என்றார்கள். பாதிரியார்களுக்கு இது பைத்தியம் அல்லது பேய். கிம்பாசியை அறிந்த ஜனங்களுக்கோ இது தெரிந்த வைத்திய முறை. ஆள்தான் புதிது.

அவள் சொன்ன மருந்து ஒரே வரி: தலைநகருக்குத் திரும்புங்கள், ஒரே ராஜாவை வையுங்கள், போரை நிறுத்துங்கள். அவளுக்கு முன்பே அப்பொலோனியா மஃபுத்தா என்ற கிழவி, ராஜா தலைநகருக்குத் திரும்பாததால் இயேசு கோபமாக இருக்கிறார் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிம்பா வீட்டா கிபாங்கு மலையில் இருந்த பெத்ரோ ராஜாவிடம் போனாள். அவர் பிடி கொடுக்கவில்லை. அடுத்த ராஜாவிடம் போனாள், அவர் விரட்டிவிட்டார். யாருக்கும் காத்திராமல் தானே போய் அந்தப் பாழடைந்த நகரத்தில் குடியேறினாள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் பின்னால் வந்தார்கள். பிள்ளையில்லாத பெண்கள் வந்தார்கள். அவள் சாப்பிடும்போது தங்கள் மேலங்கியின் நுனியை மேசைவிரிப்பாகப் பிடிக்கப் பிரபுக்கள் போட்டி போட்டார்கள் என்று அங்கே இருந்த பாதிரியார்களே, எரிச்சலோடுதான், எழுதி வைத்திருக்கிறார்கள். ‘சின்ன அந்தோணிகள்’ என்று தூதர்களை நாலா பக்கமும் அனுப்பினாள்.

அவள் போதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இயேசு பிறந்தது எம்பன்சா காங்கோவில், ஞானஸ்நானம் பெற்றது என்சுண்டி மாகாணத்தில், மாதா ஒரு கோங்கோப் பிரபு வீட்டு அடிமைப்பெண். பாதிரியார்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் யோசித்துப் பார்: அடிமைக் கப்பல் வந்து வந்து போகும் கரையில் நின்று, கடவுளைப் பெற்றவள் ஓர் அடிமை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதோடு, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் எதிலும் ஒன்றுமில்லை, கடவுள் பார்ப்பது மனதில் உள்ள எண்ணத்தைத்தான் என்றும் சொன்னாள். இது லூதர் பேச்சு இல்லை, பச்சையாக ஙங்கா பேச்சு. சக்தி நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது அதைப் பயன்படுத்துகிறவரின் எண்ணம் என்பதே அங்கே அடிப்படைப் பாடம். ஊருக்காகச் செய்தால் வைத்தியம். தனக்காக மட்டும் செய்தால் சூனியம். இந்த அளவுகோலை வைத்து அவள் இரு பக்கத்தையும் அளந்தாள். என்கிசிகளையும் எரித்தாள், சிலுவைகளையும் எரித்தாள்.

முடிவு உனக்குத் தெரிந்திருக்கலாம். அவளுக்குக் குழந்தை பிறந்தது. புனிதை என்று பெயர் எடுத்தவளுக்கு அது சங்கடம். ஊரை விட்டு மறைவாக இருந்தாள். அங்கே பிடிபட்டாள். பெத்ரோவின் மன்றம் தீர்ப்புச் சொல்லி, 1706 ஜூலை 2ஆம் தேதி எவுலுலுவில் அவளையும் குழந்தையின் தகப்பனையும் எரித்தது. இரண்டு கப்புச்சின் பாதிரியார்கள், பெர்னார்தோ தா கல்லோவும் லொரென்சோ தா லுக்காவும், பக்கத்தில் இருந்தார்கள். குழந்தையை மட்டும் கேட்டுக் காப்பாற்றினார்கள். அதற்கு அவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். எலும்பைக்கூட யாரும் பொறுக்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று மறுநாள் மறுபடி எரித்தார்கள். அவளுக்கு வயது 22. 1709இல் பெத்ரோ படையோடு வந்து தலைநகரைப் பிடித்தார். நாட்டை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தவளை எரித்துவிட்டு, மருந்தை அவரே எடுத்துக்கொண்டார். அவளைப் பின்பற்றியவர்களில் பலர் அடிமைக் கப்பலுக்குப் போனார்கள்.

ஏன் அந்தோணியார், வேறு புனிதர் இல்லையா என்று நீ கேட்பாய். அவர் பதுவாவில் இறந்தவர் என்றாலும் பிறந்தது லிஸ்பனில். போர்ச்சுகீசியருக்குச் சொந்த ஊர்க்காரர். அவர்கள் கப்பல் போன கரையெல்லாம் அவரும் இறங்கினார். நம் உவரிக் கோடி அற்புதரும் அப்படி வந்தவர்தான். சின்ன வயதில் ஆச்சியோடு உவரிக்குப் போனபோது, பேய் பிடித்தது என்று கூட்டி வந்த பெண்கள் கொடிமரத்தடியில் தலைவிரித்து ஆடியதைப் பார்த்து நீ என் கையை விடவே இல்லை. கோங்கோவிலும் அந்தோணியார் பாதிரியார்களின் கையை மீறி வைத்தியர் ஆகிவிட்டார். பித்தளையில் வார்த்த சின்னச் சின்ன அந்தோணியார்களைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். இப்போது அவையும் மியூசியத்தில்.

கிம்பா வீட்டாவின் கதை இரண்டு வருஷத்தில் முடிந்துவிட்டது. ஆற்றுக்கு வடக்கே இருந்த லெம்பா சங்கமோ இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. சத்தம் போடாமல் நடந்ததால் அதற்கு அவ்வளவு பெயர் இல்லை. ஜான்சன்தான் 1982இல் அதைப் பற்றியும் முழுப் புத்தகம் எழுதினார். டாப்பர் என்ற டச்சுக்காரர் 1668இல் வெளியிட்ட ஆப்பிரிக்க நூலில் கடற்கரை அரசான லொவாங்கோவின் ராஜாவுடைய உடல்நலத்தோடு சேர்த்து இதன் பெயர் வருகிறது. (ஆப்பிரிக்காவில் கால் வைக்காமலே அவ்வளவு பெரிய புத்தகம் எழுதியவர் அவர்.) 1915 வாக்கில் லாமன் என்ற சுவீடன் பாதிரியாருக்காக உள்ளூர் உபதேசியார்கள் கிகோங்கோ மொழியில் நோட்டு நோட்டாக எழுதிக்கொடுத்தவை இல்லாவிட்டால் உள் விவரம் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

லெம்பா யாருக்கு வரும் நோய் தெரியுமா? பணக்காரர்களுக்கு. மலேபோ ஏரிப்பகுதியிலிருந்து கடற்கரை வரை தந்தம், செம்பு, துணி, அடிமைகள் என்று கேரவன் நடத்திய வியாபாரிகளுக்கும் தலைவர்களுக்கும். மூச்சு முட்டும், நெஞ்சை அடைக்கும், கனவில் முன்னோர் வருவார்கள். எல்லோரும் சமமாக இருக்க வேண்டிய கிராமத்தில் ஒருவன் மட்டும் பணம் சேர்த்தால், சொந்தக்காரர் பார்வை அவன் மேல் விழத்தானே செய்யும். நீ கார்டியாலஜிக்கு அனுப்புவாய். அவர்கள் லெம்பா குருவிடம் அனுப்பினார்கள்.

வைத்தியம் வருஷக்கணக்கில் இழுக்கும். பன்றி, துணி என்று சேர்த்து, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பங்கு பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சேர்த்த சொத்தில் பெரும்பகுதி இப்படி வெளியே போகும். மனைவியும் கூடவே தீட்சை பெற வேண்டும். ஆண் மட்டும் தனியாக லெம்பாவில் சேர முடியாது. மனைவி பெரும்பாலும் இன்னொரு பெரிய குலத்துப் பெண், ஆக இரண்டு குலத்துக்கும் அதுவே உடன்படிக்கை. முடிவில் கையில் செம்புக் காப்பு, வீட்டில் மரப்பட்டையால் செய்த வட்டப் பெட்டி, அதற்குள் மருந்துகள், கூட ஒரு சின்ன முரசு. அந்தக் காப்பைப் போட்டவன் எந்தச் சந்தைக்குப் போனாலும் அங்கே காப்புப் போட்ட இன்னொருவன் இருப்பான். ஆற்றுக்கு வடக்கே பெரிய ராஜா, போலீஸ், கோர்ட் எதுவும் இல்லாத பகுதியில், நான்கு நாள் வாரத்தில் சுற்றி வரும் சந்தைகளில் சண்டை மூளாமல் பார்த்துக்கொண்டது இந்தச் சங்கம்தான். ஒரு வைத்திய முறை, வணிகர் சங்கம், சம்பந்தம் பேசும் இடம், அரசாங்கம், எல்லாம் ஒரே முரசுக்குள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. லெம்பாக்காரர்கள் விற்ற சரக்கில் மனிதர்களும் உண்டு. நெஞ்சை அடைத்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் விருந்து வைத்தது ஊர்க்காரருக்கு, கப்பலேறியவனுக்கு இல்லை. அவன் போகும்போது லெம்பாவையும் கொண்டு போனான் என்பது வேறு கதை. ஹெய்ட்டித் தீவின் வோடூ சடங்குகளில் அந்தப் பெயர் இன்னும் ஒலிக்கிறது. அப்புறம் சூனியக் குற்றம். பழி சுமத்தப்பட்டவருக்கு என்காசா என்ற மரப்பட்டை விஷத்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்தால் நிரபராதி; விழுந்தால் குற்றவாளி, அதோடு சாவு. உறவில்தான் நோய் என்று நம்புகிற வைத்தியம் சறுக்கினால் எங்கே போய் விழும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆணி அடித்துச் சமாதானம் செய்ததும் அதே அறிவு, பட்டையை இடித்துக் கொடுத்ததும் அதே அறிவு.

லெம்பாவை முடித்து வைத்தது பாதிரியார்கள் இல்லை. மத்தாடித் துறைமுகத்திலிருந்து போகிறதே ஒரு ரயில்பாதை, அது. 1890இல் வேலை தொடங்கி 1898இல் லியோபோல்ட்வில் வரை போட்டு முடித்தார்கள். கேரவன் நின்றது. சந்தைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தலைவர்களை வெள்ளைக்கார அதிகாரி நியமித்தான். பணக்காரனுக்கு நெஞ்சடைப்பு வந்தால் பங்கு கேட்க ஆளில்லை. 1930 வாக்கில் கடைசிக் காப்புக்காரர்களும் போய்விட்டார்கள். அதற்குள் 1921இல் சிமோன் கிம்பாங்கு என்ற உபதேசியார் ஒரு நோயாளிப் பெண்ணைக் குணப்படுத்தி, ஆயிரமாயிரம் பேர் ஆஸ்பத்திரிகளைக் காலிசெய்துவிட்டு அவரிடம் ஓடிய கதை தொடங்கிவிட்டது. அப்போது நாட்டை ஆண்ட பெல்ஜியர்கள் அவரை முப்பது வருஷம் சிறையில் வைத்து, சிறையிலேயே சாகவிட்டார்கள். உன் வார்டுக்குப் பச்சையும் வெள்ளையும் உடுத்தி ஜெபிக்க வருகிறவர்கள் அவருடைய சபைக்காரர்களாக இருக்கும். அவர்களோடு பேசிப் பார், நிறையச் சொல்வார்கள். அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

உனக்கு என் யோசனை ஒன்றுதான். அட்மிஷன் சீட்டு எழுதும்போதே, முடிவு சொல்கிறவர் யார், எங்கே இருக்கிறார், போன் நம்பர் என்ன என்று நர்ஸை விட்டுக் கேட்டு எழுதிவைக்கச் சொல். அவசரம் வந்த பிறகு தேடினால்தான் மாமன் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். மரத்தடிப் பேச்சு நடக்கும்போது ஐந்து நிமிஷம் நீயும் போய் உட்கார். எல்லோருக்கும் பொதுவில் நோயைச் சொல்லு. தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னால் அங்கே அது சந்தேகத்துக்கு இடம்.

லீவு கிடைத்தால் ஆற்றின் தென்கரை வழியாக எல்லை தாண்டி எம்பன்சா காங்கோவுக்கு ஒரு நடை போய் வா. அங்கோலா விசா வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துவிடு. மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சாலையில் போகாதே. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகு ஊரைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள் என்று படித்தேன். பழைய கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. போட்டோ எடுத்தால் முழுச் சுவரும் தெரியும்படி எடு. வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பாமல் மெயிலில் அனுப்பு, எனக்குக் கல்லின் அடுக்கு தெரிய வேண்டும்.

சித்தி கேட்கச் சொன்னாள்: மலேரியா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாயா?

அன்புடன்
சித்தப்பா